பிரசங்கத்தைக் கட்டுரையாக எழுதாதீர்கள்: வேதாகமம் படிக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவர்கள்தான் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் வேதாகம வகுப்பில் முதலில் தடுக்கி விழுகிறார்கள். நானும் அந்த வகைதான். முதல் பருவத்தில் நான் எழுதிய முதல் கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வந்தது. பிரசங்கமாக நன்றாக இருக்கிறது, கேட்ட கேள்விக்குத்தான் பதில் இல்லை என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. அந்தப் பேராசிரியருக்கு விசுவாசமே இல்லை என்று இரண்டு நாள் விடுதி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அப்புறம்தான் கேள்வித்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தப் பகுதி முதலில் யாருக்கு, என்ன சூழலில் எழுதப்பட்டது என்று கேட்டிருந்தார்கள். அது எனக்கு என்ன சொல்கிறது என்று நான் எழுதியிருந்தேன்.

இரண்டும் நல்ல கேள்விகள்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்து இரண்டாவதற்குப் போவதுதான் புதிதாக வருபவர்களின் தலையாய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதன் பிள்ளைகள்.

எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்ற அந்த வசனம் இல்லாத வாழ்த்து அட்டை உண்டா? பட்டமளிப்பு, திருமணம், வேலை நேர்காணல், எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனத்தில் 70 வருடம் ஆகும் என்று இருக்கிறது. இன்னும் கொஞ்சம் மேலே, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறது கடிதம். அதாவது, சீக்கிரம் திரும்பலாம் என்று காத்திருக்காதீர்கள். கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்கவே வழியில்லை.

இதில் சுவாரசியமே முந்தின அதிகாரத்தில்தான். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும் அறிவிக்கிறான். எரேமியா அவனைப் பொய்யன் என்கிறார். 29ஐ உடனடி ஆறுதலாக வாசிக்கும்போது, நம்மை அறியாமலே எரேமியாவின் வாயில் அனனியாவின் பேச்சைத் திணித்துவிடுகிறோம். இதைக் கண்டுபிடிக்க எபிரெயு மொழி தெரிய வேண்டாம், விளக்கவுரையும் வேண்டாம். ஒரு பக்கம் பின்னால் புரட்டினால் போதும்.

பின்னால் புரட்டாததற்கு ஒரு காரணம், வசன எண்கள். அவை மூலத்தில் இருந்தவை அல்ல. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற இங்கிலாந்துப் பேராயர் செய்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் போட்டவை. பவுல் எழுதியது கடிதம். அதை நாம் துண்டு துண்டாகவே கேட்டுப் பழகிவிட்டோம். எனக்குப் பலன் தந்த ஒரு பழக்கம் இது: எந்த நிருபத்தைப் பற்றி எழுதுவதானாலும் முதலில் அதை ஒரே அமர்வில் தொடக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்துவிடுவேன். பிலிப்பியருக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அப்படி வாசித்தால், எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்று 4:13இல் வரும் "எல்லாவற்றையும்" என்பது போட்டியில் ஜெயிப்பதைப் பற்றியதல்ல, முந்தின வசனம் சொல்லும் பசியையும் குறைவையும் பற்றியது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அடுத்த தவறு இரண்டாம் பருவத்தில் வரும், கிரேக்கம் கொஞ்சம் தொட்டவுடன். இது காய்ச்சல் மாதிரி, எல்லாருக்கும் ஒரு தடவை வந்துதான் போகும். "அகாப்பே என்றால் தேவ அன்பு, பிலியோ என்றால் வெறும் நட்பு" என்று ஆரம்பிப்பார்கள். யோவான் 21இல் இயேசு பேதுருவிடம் என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்கும் இடத்தை வைத்து முழுப் பிரசங்கமே ஓடும். சரி, அதே யோவானில் 3:35ஐயும் 5:20ஐயும் பாருங்கள். இரண்டிலும் பிதா குமாரனை நேசிக்கிறார். முதல் இடத்தில் அகாப்பேயின் வினை, இரண்டாவதில் பிலியோ. பிதாவின் அன்பு இரண்டு அதிகாரத்துக்குள் நட்பாகக் குறைந்துவிட்டதா? பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜின்டில், அம்னோன் தாமாரின்மேல் கொண்டிருந்த ஆசைக்கும் அகாப்பேதான் போடப்பட்டிருக்கிறது. அந்தக் கதையில் அந்த ஆசை பலாத்காரத்தில் கொண்டுபோய் விட்டது. இன்னும் ஒன்று: யோவான் 21இல் ஆடு, மேய்த்தல், அறிதல் ஆகியவற்றுக்கும் சொற்கள் மாறி மாறித்தான் வருகின்றன. ஒரே பொருளை வேறு சொல்லால் சொல்வது யோவானின் நடை என்று கொள்ளப் போதிய இடம் இருக்கிறது. அங்கே வேறுபாடு உண்டு என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள், வாதிடலாம். ஆனால் அதை அந்தப் பகுதியிலிருந்து காட்ட வேண்டும், அகராதியிலிருந்து அல்ல.

வல்லமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'டுனாமிஸ்' என்றால் டைனமைட் என்பது இதைவிட மோசம். டைனமைட்டுக்கு ஆல்ஃபிரட் நோபல் காப்புரிமை வாங்கியது 1867இல். பவுலுக்குப் பாறையை வெடிக்கவைக்கும் சரக்கு எதுவும் தெரியாது. சொல்லின் பிறப்பையோ பிற்காலத்துப் பேரனையோ வைத்துப் பொருள் சொல்லக் கூடாது என்பது தமிழர்களுக்கு எளிதில் புரிய வேண்டும். பழைய இலக்கியத்தில் 'நாற்றம்' என்றால் நறுமணம். அதை நம்பி இன்று யாரிடமாவது "உங்கள் மேல் நல்ல நாற்றம்" என்று சொல்லிப் பாருங்கள்.

நம் மொழியே கற்றுத்தரும் இன்னொரு பாடம் இருக்கிறது. அதை வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை, ஏனென்றால் பாடநூல்கள் தமிழுக்காக எழுதப்பட்டவை அல்ல. கிரேக்கத்தில் 'நாம்', 'நாங்கள்' என்ற பிரிவு கிடையாது, இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மாற்கு 4:38இல் புயலில் சீஷர்கள் கதறுகிறார்கள்: "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா". 'நாம்' என்று போட்டிருந்தால் இயேசுவும் சேர்ந்து மூழ்கப் போகிறார் என்றாகிவிடும். எது சரி? மூலம் சொல்லவில்லை. மரியாதைச் சொற்களும் அப்படித்தான். சீஷர்களுக்கு இயேசு 'நீர்', பிலாத்துவுக்கோ "நீ யூதருடைய ராஜாவா". கிரேக்கத்தில் இரண்டு பேரும் சொல்வது ஒரே 'சூ'. இது மொழிபெயர்ப்பின் குறை அல்ல, தமிழ் இப்படித்தான் பேசும். ஆனால் பிலாத்துவின் 'நீ'யில் ஒளிந்திருக்கும் ஏளனத்தைப் பற்றி மூன்று பக்கம் கட்டுரை எழுதினால், நீங்கள் ஆய்வது சுவிசேஷத்தை அல்ல, மொழிபெயர்ப்பாளரை.

இனி, பயமும் பந்தாவும். இரண்டும் ஒரே இடத்தில் பிறக்கின்றன: கையெழுத்துப் பிரதிகளைப் பற்றிய வகுப்பில். மாற்கு 16:9 முதல் 20 வரை உள்ள பகுதி 4ஆம் நூற்றாண்டின் பெரிய பிரதிகளான சினாய், வத்திக்கான் இரண்டிலும் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை யோவானின் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. 1 யோவான் 5:7இல் நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்ற வரியை, கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்த அறிஞர் எராஸ்மஸ் தம் முதல் இரண்டு கிரேக்கப் பதிப்புகளில் சேர்க்கவில்லை, 1522இல் வந்த மூன்றாவதில்தான் சேர்த்தார். இதையெல்லாம் ஒரே வாரத்தில் கேட்டவுடன் சிலர் நொறுங்கிப்போகிறார்கள். வேறு சிலர் விடுமுறைக்கு வீட்டுக்குப் போன முதல் ஞாயிறே, ஆராதனை முடிந்ததும் பெரியவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு "அந்த வசனமே கிடையாது தெரியுமா?" என்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வருடக்கணக்கில் அந்த வரியை ஜெபித்து வந்த ஒருவருக்கு அரைகுறையாக ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு விடுதிக்குத் திரும்புவது கல்வி அல்ல.

பயப்படுபவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பாடபேதம், அதாவது பிரதிக்குப் பிரதி வாசகம் மாறுவது, நமக்குப் புதிய சமாசாரமே இல்லை. உ.வே.சாமிநாதையர் ஏடு ஏடாக ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறித்து வைத்துப் பதிப்பித்தார் என்றால் பெருமைப்படுகிறோம். புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் 5,000க்கு மேற்பட்ட பிரதிகள் இருக்கின்றன, துண்டு துணுக்குகளையும் சேர்த்து. இத்தனை பிரதி இருந்தால் வேறுபாடும் இருக்கும், அவற்றில் மிகப் பெரும்பான்மை எழுத்துப் பிழையும் சொல் வரிசை மாற்றமும். 1947இல் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைக்கத் தொடங்கிய சுருள்களில் ஏசாயா முழுவதும் உள்ள ஒன்று இருக்கிறது. அதுவரை கையில் இருந்த எபிரெயப் பிரதிகளைவிட அது ஏறக்குறைய ஆயிரம் வருடம் பழையது. வேறுபாடுகள் உண்டு, ஆனாலும் திறந்து வாசித்தால் நமக்குத் தெரிந்த ஏசாயாதான்.

இந்த 1947ஐ இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வையுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் விளக்கவுரைகளில் பெரும்பாலானவை பதிப்புரிமை முடிந்தவை, அதாவது அந்தச் சுருள்கள் வெளிவருவதற்கு முன் எழுதப்பட்டவை. பக்திக்கு வாசியுங்கள். ஆய்வுக் கட்டுரையில் பழைய விளக்கவுரையாளர் மேத்யூ ஹென்றியை மட்டும் மேற்கோள் காட்டினால், 1714இல் இறந்தவரிடம் கும்ரானைப் பற்றிக் கேட்பது போல் ஆகும். மேற்கோள் என்றதும் இன்னொன்று: பிரசங்க மேடையில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் பெயர் சொல்லாமல் எடுத்தாளலாம், யாரும் கோபிப்பதில்லை. அதே பழக்கத்தைக் கட்டுரையில் காட்டினால் அது திருட்டு, துறை அலுவலகத்துக்கு அழைப்பு வரும்.

வளாக வாழ்க்கைக்கு வருவோம். இங்கே தவறுகள் வேறு முகம் காட்டும். பெரும்பாலும் அவை நல்ல காரியங்களாகவே வரும்: பாடகர் குழு, விடுதி ஜெபக்குழு, வார இறுதி ஊழியம், அருகில் உள்ள சபையில் வாலிபர் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் முடியாது என்று சொல்வது பாவம் போலத் தோன்றும். தேர்வுக்கு முந்தின இரவு முழுவதும் ஜெபித்துவிட்டுப் படிக்காமல் போய் உட்கார்ந்த அறைத்தோழன் எனக்கு இருந்தான். அவன் பக்தியை நான் சந்தேகிக்கவே இல்லை. எபிரெய வினைச்சொற்கள் மட்டும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வருடம் ஒரே ஒரு பொறுப்பு போதும் என்பது என் அபிப்பிராயம்.

சேப்பல் வருகைப் பதிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டாயம் என்றால் போங்கள். கையெழுத்துக்காக மட்டும் போகிறோமே என்ற குற்ற உணர்வு வந்தால் அதைச் சிற்றாலய குருவிடம் சொல்லுங்கள், அவர் அதைக் கேட்பது முதல் தடவையாக இருக்காது.

எல்லாரும் நம் சபையைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டு பேசுவதுதான் விடுதியில் அதிக மனக்கசப்பைக் கொண்டுவருகிறது. "வேதாகமத்தில் 66 புத்தகம்" என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்வீர்கள். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் கத்தோலிக்க நண்பருடையதில் 73. எத்தியோப்பிய மரபில் வளர்ந்தவர் 81 என்பார். யூதர்களின் 24 புத்தகங்களில் நம் பழைய ஏற்பாட்டின் 39ம் அடங்கியிருக்கிறது, எண்ணும் முறைதான் வேறு. யார் எதை நீக்கினார், யார் எதைச் சேர்த்தார் என்று சண்டைக்குப் போவதற்கு முன், அந்தக் கத்தோலிக்க நண்பர் தம் வேதாகமத்தில் கூடுதலாக இருக்கும் தோபித்து புத்தகத்தை எப்படி வாசித்து வளர்ந்தார் என்று கேளுங்கள். அறையில் கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் இருந்தால், அவர் பட்டம் வாங்க வந்தவர், உங்கள் பிரசங்கப் பயிற்சிக்கு ஆள் அல்ல.

சந்தேகம் வந்தால் அதை மறைப்பதும் தவறு, எல்லாரிடமும் கொட்டுவதும் தவறு. வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்களான ஐந்து ஆகமங்களையும் மோசே எழுதினாரா என்ற கேள்வியை 1753இலேயே ஜான் அஸ்த்ருக் என்ற மருத்துவர் கிளறிவிட்டார். மோசே பழைய மூல ஆவணங்களைத் தொகுத்தே ஆதியாகமத்தை எழுதினார் என்று நிறுவப் பார்த்தவர் அவர், மோசேயை மறுக்கப் புறப்பட்டவர் அல்லர். உங்கள் பேராசிரியர்களில் பலர் இந்தக் கேள்விகளோடு பல வருடம் வாழ்ந்து, அப்புறமும் ஞாயிறு காலை சபையில் உட்கார்ந்திருப்பவர்கள். வகுப்பில் கையைத் தூக்கி "அப்படியானால் வேதம் பொய்யா?" என்று கேட்பதைவிட, அவர்கள் அறைக்குப் போய் "நீங்கள் இதை எப்படி ஏற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்த நல்ல பதில்கள் எல்லாம் அப்படிக் கிடைத்தவைதான்.

கடைசியாக, தமிழ் மாணவர்கள் மட்டுமே செய்யும் ஒரு தவறு. எபிரெயத்தையும் கிரேக்கத்தையும் தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்காதீர்கள். முதல் வாரம் வசதியாக இருக்கும். ஆனால் நம் எழுத்தில் p, b ஒலிகளுக்கும் k, g ஒலிகளுக்கும் வேறுபாடு இல்லை. கிரேக்கத்தின் பீட்டாவும் பையும் இரண்டுமே ப, காமாவும் காப்பாவும் இரண்டுமே க. என் நோட்டில் ஒரு பக்கத்தில் 'பர்' என்றால் மகன், அரமேயச் சொல், பர்த்தொலொமேயுவில் வருவது. மறுபக்கத்தில் 'பர்' என்றால் காளை, எபிரெயம், லேவியராகமப் பலிகளில் வருவது. தேர்வு அறையில் காளையின் இடத்தில் மகனைப் பலியிட்டுவிட்டு வந்தேன்.