சுங்கை பூலோவில் கரைப்பறவை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் வடமேற்கில் இருக்கும் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் போய்விட்டு, "ஒண்ணுமே இல்லையே" என்று திரும்புகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் போன நேரம்தான் காரணம். வலசை வரும் கரைப்பறவைகள் செப்டம்பரிலிருந்து மார்ச் வரைதான் இங்கே கூட்டமாக இருக்கும். ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் உடும்பைப் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் முதலையையும் பார்க்கலாம். உள்ளான் போன்ற கரைப்பறவைகளின் கூட்டத்தை எதிர்பார்க்க முடியாது.

மாதம் சரியாக இருந்தும் கடல் வற்றியிருக்கும் வேளையில் போவதுதான் பலரும் செய்கிற பெரிய தவறு. அப்போது பறவைகள் பக்கத்து மண்டாய் சேற்றுவெளியில் புழுவும் நண்டும் தேடிக்கொண்டிருக்கும். கடல் ஏறி அந்தச் சேறு மூழ்கிய பிறகுதான் சுங்கை பூலோ குளங்களுக்கு ஒதுங்க வரும். இந்தக் குளங்கள் முன்பு இறால் வளர்த்தவை. 1993-ல் இயற்கைப் பூங்காவாகத் திறந்து, 2002-ல் காப்பகமாக அறிவித்த இடம் இது. வெளியே கடல் நிறைந்திருக்கும்போதும் உள்ளே பறவைகள் நிற்கச் சேறு தெரிய வேண்டும் என்பதற்காக, மதகுகளை வைத்து நீர்மட்டத்தைக் குறைத்து வைக்கிறார்கள். ஆகவே கிளம்பும் முன் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பாருங்கள். ஏற்றம் உச்சம் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே மறைந்திருந்து பறவை பார்க்கும் குடிலில் உட்கார்ந்துவிட்டால், பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதையே பார்க்கலாம்.

இறங்கிய பறவைகள் ஒற்றைக் காலில், அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு சும்மா நிற்கும். பறக்கும் படம் வேண்டும் என்று கை தட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஓய்வு கிடைப்பதே அந்தச் சில மணி நேரம்தான். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும், பயணத்துக்காகச் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது. இங்கே செயற்கைக்கோள் கருவி பொருத்திய பவளக்காலிகள் (Redshank என்னும் கரைப்பறவைகள்) இமயமலையைத் தாண்டித் திபெத்தியப் பீடபூமிவரை போயிருக்கின்றன. அவ்வளவு தூரத்துக்கு அந்தக் கொழுப்புதான் எரிபொருள். குடிலின் திறப்பு வழியே கையை வெளியே நீட்டிக் காட்டுவதும், சத்தமாகப் பேசுவதும் கூடக் கூட்டத்தைக் கிளப்பிவிடும்.

அப்புறம், நிறத்தை வைத்து அடையாளம் காண முயல்வது. குளிர்காலத்தில் முக்கால்வாசிப் பறவைகள் சாம்பலும் பழுப்புமாக ஒரே மாதிரிதான் இருக்கும். அலகையும் காலையும் நடையையும் பாருங்கள். அலகு கீழ்நோக்கி வளைந்து, தலையில் கோடுகள் இருந்தால் சின்னக் கோட்டான் (ஆந்தை அல்ல, Whimbrel என்னும் கரைப்பறவை). செம்மஞ்சள் கால், பறக்கும்போது இறக்கையின் பின் ஓரத்தில் வெள்ளைப் பட்டை என்றால் பவளக்காலி. நாலடி ஓடி, சட்டென நின்று, ஒரு கொத்து, மறுபடி ஓட்டம் என்றால் உப்புக்கொத்தி (Plover) இனம்.

பொங்கலோடு பருவம் முடிந்தது என்று நினைப்பதும் தவறு. மார்ச் கடைசி வாக்கில் பசிபிக் பொன்னிற உப்புக்கொத்திகள் இனப்பெருக்கக் கோலத்துக்கு மாறத் தொடங்கும். முகத்திலும் வயிற்றிலும் திட்டுத் திட்டாகக் கறுப்பு ஏறும். சைபீரியா, அலாஸ்கா பக்கம் கூடு கட்டும்போது இருக்கும் கறுப்பு அது. அதை இங்கேயே பார்க்கக் கிடைப்பது சில வாரங்கள்தான்.