மாநகராட்சிப் பள்ளிகளின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை ஒப்பிடுவது எப்படி?

மதுரையில் செல்லூர், கரும்பாலை, ஜெய்ஹிந்துபுரம் போன்ற உழைக்கும் மக்கள் பகுதிகளில் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோர், பெரும்பாலும் தேர்ச்சி விழுக்காட்டை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அந்த விழுக்காடு தேர்வு எழுதியவர்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது. எழுத வராமலே போன பிள்ளைகள் அதில் இல்லை.

ஆகவே, கணக்கை ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால், எண்ணிக்கை ஒன்பதில்தான் கரையத் தொடங்குகிறது. இரண்டு பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பில் தலா 80 பேர் படித்ததாகக் கொள்வோம். முதல் பள்ளியில் 62 பேர் பொதுத்தேர்வு எழுதி அனைவரும் தேறினால் அது 100 விழுக்காடு. இரண்டாவதில் 78 பேர் எழுதி 70 பேர் தேறினால் ஏறத்தாழ 90. தொடக்கத்தில் இருந்த 80 பேரைக் கொண்டு வகுத்தாலோ முதல் பள்ளிக்கு 77.5, இரண்டாவதற்கு 87.5 என்று நிலை தலைகீழாகிறது. படிப்பில் பின்தங்கிய பிள்ளையைக் கைவிடாத இரண்டாவது பள்ளியையே நான் உயர்வாகக் கருதுவேன். ஆனால், பிழைப்புக்காகத் திருப்பூருக்குக் குடும்பத்தோடு பெயர்ந்து அங்கே படிப்பைத் தொடரும் மாணவரையும், படிப்பையே நிறுத்திவிட்ட மாணவரையும் ஒரே கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது. முன்னவரை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

இவ்விவரங்களைப் பெற்றோரே பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் கேட்கலாம். கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் மனு அனுப்பலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மாணவர் பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும் என்று எழுதுங்கள்.

மாணவியரின் தேர்ச்சி ஆண்டுதோறும் மாணவரைவிடக் கூடுதலாக இருப்பதால், பெண்கள் பள்ளியைப் பெண்கள் பள்ளியோடுதான் ஒப்பிட வேண்டும். 25 பேர் மட்டும் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினாலே 4 விழுக்காடு குறையும். எனவே, குறைந்தது மூன்று ஆண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். கொரோனாவால் தேர்வின்றி அனைவரும் தேர்ச்சி பெற்ற 2020, 2021 ஆகிய ஆண்டுகளை விட்டுவிடுங்கள்.

இறுதியாகப் பாடவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கணிதத்தில் மட்டும் 35 மதிப்பெண் எடுக்காதவர்கள் மிகுதியாக இருந்தால், அப்பாடத்தின் ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதங்கள் காலியாக இருந்தது என்பதையும் அதே மனுவில் கேளுங்கள்.