மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவலுக்கு அட்டை ஓவியம்: வண்ணம் தொடுமுன்பே நடக்கும் தவறுகள்

அட்டை ஓவியம் எடுபடாமல் போனால் வண்ணத்தில்தான் கோட்டை விட்டோம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தவறு அதற்கு வெகுமுன்பே, பென்சில் நிலையிலேயே நடந்து முடிந்திருக்கும்.

கதைச்சுருக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வரைய உட்காராதீர்கள். நாயகி இடக்கைக்காரி என்று நாவல் முழுக்க வரும். அட்டையிலோ வலக்கையில் வாளேந்தி நிற்பாள். கதையில் ஊறிய வாசகர் இதை மன்னிக்க மாட்டார். கைப்பிரதியைப் படிக்கும்போதே உடை, ஆயுதம், பருவம், வெளிச்சம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்காக உச்சக்கட்டக் காட்சியையே வரைந்து முடிவை உடைத்துவிடவும் வேண்டாம்.

மனதில் முதலில் தோன்றிய காட்சியோடு நின்றுவிடுவது இன்னொரு தவறு. கோட்டை, முழுநிலா, சிறகு விரித்த டிராகன் எல்லோருக்கும் தோன்றும். தீப்பெட்டி அளவில் பத்துப் பன்னிரண்டு ஸ்கெட்ச் போட்டுப் பாருங்கள். கடைசியில் வருபவற்றில்தான் அந்தக் கதைக்கே உரிய படம் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தலைப்புக்கு இடம் விடாதது. கிரீடத்தின் ஒவ்வொரு கல்லையும் இழைத்திருப்பார் ஓவியர்; அதன்மேலேயே எழுத்து வந்து உட்காரும். தமிழில் சிக்கல் இன்னும் கூடுதல். எழுத்துகள் அகலமானவை, தலைப்பு சுலபமாக இரண்டு வரிக்குப் போகும், மேலே கொக்கியும் கீழே சுழியும் வருவதால் வரிகளை நெருக்கவும் முடியாது. எனவே தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஸ்கெட்ச்சிலேயே எழுதிப் பாருங்கள். முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றுக்கும் ஒரே ஓவியம் என்றால் வலப்பாதிதான் முன்னட்டை. நடுவில் நிறுத்திய வீரன் முதுகு மடிப்பில் மாட்டிக்கொள்வான். முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளின் தடிமனையும் பொறுத்தது. அச்சகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னட்டையில் பார்கோடுக்கும் இடம் வேண்டும்.

ஸ்கெட்ச் முடிவானதும் நேராக வண்ணத்துக்குத் தாவாமல், கறுப்பு, வெள்ளை, இரண்டு மூன்று சாம்பல் நிறங்களில் மட்டும் ஒருமுறை தீட்டுங்கள். அதைக் கைப்பேசியில் படமெடுத்து நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். இணையக் கடையில் வாசகர் பார்ப்பது கிட்டத்தட்ட அந்த அளவில்தான். உருவமும் பின்னணியும் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தால், எந்த வண்ணமும் அதைக் காப்பாற்றாது.

கற்பனை உயிரினம் என்பதால் மாதிரி பார்க்க வேண்டியதில்லை என்பதும் தவறான எண்ணம். இல்லாததை நம்ப வைக்கத்தான் இருப்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். டிராகனின் சிறகுக்கு வௌவாலைப் பாருங்கள். அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் கர்னி தன் கற்பனை உருவங்களைக் களிமண்ணில் செய்து, விளக்கொளியில் வைத்து, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தே வரைவார். நிலவும் தீப்பந்தமும் ஒரே காட்சியில் இருந்தால் இது இன்னும் அவசியம்.

தீட்டும்போது மூலை முடுக்கெல்லாம் ஒரே அளவு நுணுக்கம் வேண்டாம். முகத்தைச் சுற்றி மட்டும் கூர்மை போதும். எண்ணெய் வண்ணம் காய நாளாகும். கெடு நெருக்கமென்றால் சீக்கிரம் காயும் அக்ரிலிக் வண்ணம் எடுங்கள்.

திரையில் ஜொலிக்கும் மந்திர நீலமும் பச்சையும் நான்கு வண்ண அச்சில் மங்கும். இருண்ட பகுதிகள் மேலும் இருளும். அச்சகத்துக்குக் கொடுக்கும் கோப்பு, அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்கட்டும். ஓரம் வெட்டுவதற்குச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். மேட் லேமினேஷன் (அட்டைமேல் ஒட்டும் பளபளப்பில்லாத மெல்லிய பிளாஸ்டிக் படலம்) கறுப்பை வெளிறச் செய்யும் என்பதால், லேமினேஷன் போட்ட மாதிரி அச்சையே கேட்டு வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.