சைக்கிள் சீட்டை உயர்த்தும் முன் இந்தக் கோட்டைப் பாருங்கள்

சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் சீட் அதிக உயரத்தில் இருக்கிறது.

முக்கியமானது சீட் கம்பிதான். அதன் கீழ்ப்பகுதியில் குறுக்காகச் சின்னச் சின்னக் கோடுகள் பொறித்திருக்கும். அவை எப்போதும் ஃபிரேமுக்குள் மறைந்தே இருக்க வேண்டும். வெளியே தெரியுமளவு உயர்த்தினால் கம்பி வளையும், ஃபிரேமிலும் விரிசல் விழலாம். இன்னும் உயரம் வேண்டுமா? அதே தடிமனில் நீளமான கம்பி மாற்றுங்கள், கோட்டை மட்டும் தாண்டாதீர்கள்.

அப்புறம், போல்ட்டை இறுக்கியதும் சீட்டின் மூக்கைப் பிடித்து இருபுறமும் திருகிப் பாருங்கள். அசைந்தால் இறுக்கம் போதவில்லை.