கையில் கடிதம் வராமல் பேப்பர் போடாதீர்கள்: வேலை மாறும்போது நடக்கும் தவறுகள்

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் 15 வருடமாகச் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். விட்டுப் போகிறவர்களின் கணக்கை முடிப்பதும், புதிதாகச் சேருகிறவர்களின் காகிதங்களைச் சரிபார்ப்பதும் என் வேலை. போகிற வாசல், வருகிற வாசல் இரண்டையும் பார்த்துவிட்டதால் சொல்கிறேன்: வேலை தேடுகிறவர்கள் இன்டர்வியூவுக்குத்தான் ராத்திரி பகலாகத் தயாராகிறார்கள். அவர்களை உண்மையில் கீழே தள்ளுவது பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற காகித வேலை.

எங்கள் தர ஆய்வுப் பிரிவில் ஒரு தம்பி இருந்தார். நல்ல வேலைக்காரர். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஓசூரிலிருந்து அவருக்குப் போன் வந்தது. “நீங்க செலக்ட் ஆயிட்டீங்க, லெட்டர் திங்கட்கிழமை வந்துரும்” என்றார்கள். அன்று சாயங்காலமே பேப்பர் போட்டுவிட்டார், அதாவது ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை கடிதம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம், அந்தப் பணியிடத்தையே இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் இங்கே அவர் இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது. நான்கு மாதம் வீட்டில் இருந்தார். அவருடைய கணக்கை முடித்து, பணத்துக்கான காகிதத்தில் கையெழுத்து வாங்கியது நான்தான். அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

போனில் பேசியவர் பொய் சொல்லவில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவர். தேர்வு முடிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சம்பளத்துக்கு ஒப்புதல், பணியிடத்துக்கு மேலிடத்தின் கையெழுத்து என்று இன்னும் இரண்டு மூன்று மேசையைக் காகிதம் தாண்ட வேண்டும். எந்த மேசையிலும் நிற்கலாம். “வாழ்த்துகள்” என்று வருகிற மின்னஞ்சலும் ஆஃபர் லெட்டர் ஆகாது. “உங்களை எடுக்க விரும்புகிறோம்” என்று சொல்லும் இன்டென்ட் கடிதமும் ஆகாது. பதவி, ஊர், சேர வேண்டிய தேதி, சம்பளம் எப்படிப் பிரிகிறது என்ற விவரம், நோட்டீஸ் காலம் (விலகுவதாகச் சொன்ன பிறகு வேலை செய்ய வேண்டிய நாட்கள்) எல்லாம் எழுதி, பொறுப்புள்ளவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அதை வீட்டில் உட்கார்ந்து ஒரு முறை முழுதாகப் படியுங்கள். ‘பின்னணி விசாரணை சரியாக முடிந்தால்’ என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும். உங்கள் காகிதங்கள் சுத்தமாக இருந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் பேப்பர் போடும் முன்பே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, தேடும் கட்டத்துக்கு வருவோம். ஒரே ரெஸ்யூமை 200 இடத்துக்கு அனுப்பிவிட்டு பதிலே இல்லை என்று வருத்தப்படுகிறவர்கள் அதிகம். நௌக்ரி போன்ற தளங்களில் ஆள் தேடுகிறவர் உங்கள் பெயரைத் தட்டித் தேடுவதில்லை. ‘டேலி’, ‘ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்’, ‘டி.டி.எஸ்.’ என்று தட்டுகிறார். ‘கணக்குத் துறையில் ஆறு வருட அனுபவம்’ என்று மட்டும் எழுதியவர் அந்தத் தேடலில் மேலே வருவதே இல்லை. சி.என்.சி. ஆபரேட்டர் என்றால் ஃபானுக் கன்ட்ரோலா, சீமென்ஸா, எந்த மெஷின், எந்த அளவுக்குத் துல்லியம் என்று எழுதுங்கள். அப்பா பெயர், மதம், திருமண நிலை, அடியில் அந்த உறுதிமொழி வாசகம் எதுவும் வேண்டாம். அந்த இடத்தில் செய்த வேலை இரண்டு வரி கூடுதலாக வரட்டும்.

வேலை தேடுவதை வெளியே சொல்லக் கூச்சப்படுவது இன்னொரு தவறு. இப்போதைய அலுவலகத்தில் சொல்ல வேண்டாம், சரி. ஆனால் பழைய சூப்பர்வைசர், கூடப் படித்தவர்கள், பொருள் சப்ளை செய்கிறவர்கள் இவர்களிடமும் மறைத்தால் வேலை எப்படி வரும்? நான் பார்த்தவரை நல்ல இடங்கள் பாதி இப்படித்தான் காதுக்கு வருகின்றன. அரசு நடத்தும் தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையத்தில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. மாவட்ட வேலைவாய்ப்பு மையங்கள் நடத்துகிற தனியார்துறை முகாம்களுக்கும் கட்டணம் கிடையாது. ‘அங்கெல்லாம் என்ன இருக்கும்’ என்று போகாமலே இருப்பவர்கள், ஒரு ஏஜென்ட்டிடம் 5,000 ரூபாய் கட்டிவிட்டு வந்து நிற்கும்போது மனம் கஷ்டமாக இருக்கிறது.

அந்தப் பணம் பற்றி. பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், லேப்டாப்புக்கு முன்பணம், பயிற்சிக் கட்டணம் என எந்தப் பெயரில் கேட்டாலும் கட்டாதீர்கள். வேலை கொடுக்கிறவர் உங்களிடம் பணம் வாங்க எந்தக் காரணமும் இல்லை. பெரிய நிறுவனத்தின் பெயரைப் போட்டு ஜிமெயில் முகவரியிலிருந்து கடிதம் வந்தால், அந்த நிறுவனத்தின் சொந்த வலைத்தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம். டெலிகிராமில் ‘வீடியோவுக்கு லைக் போட்டால் பணம்’ என்று ஆரம்பித்து, முதல் நாள் 150 ரூபாய் கொடுத்து நம்ப வைத்து, பிறகு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வதும் இதே வகைதான். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

வெளிநாட்டு வேலை என்றால் விஷயம் பணத்தோடு நிற்பதில்லை. 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் மியான்மரின் மியாவடி பகுதியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யச் சொல்லிக் கொடுமைப்படுத்தப்பட்டார்கள். ‘டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட்டின் பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்கிறவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திடமும் விசாரிக்கலாம்.

இனி என் மேசைக்கு வருகிற விஷயம். “ஆறு லட்சம் சார், மாசம் 50,000” என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் வருடத்துக்குச் செய்கிற மொத்தச் செலவு, ஆறு லட்சம் என்றால் கையில் 50,000 வராது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது மாதம் 25,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் உங்களுக்காகக் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், 3,000 ரூபாய். அது சி.டி.சி.க்கு உள்ளேயே இருக்கும். கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) 4.81 சதவீதம், சுமார் 1,200. மருத்துவக் காப்பீட்டுக்கு 500. பத்து சதவீதம் ‘வேரியபிள்’ என்று இருந்தால் அது மாதம் 5,000; வருடக் கடைசியில் வரும், வராமலும் போகலாம். ஆக 9,700 போனால் மீதி 40,300. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 3,000, தொழில் வரி சுமார் 200. கைக்கு வருவது 37,100.

பி.எஃப். உங்கள் பணம்தான், எங்கும் போய்விடாது. 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டு 1,800 பிடிக்கிற நிறுவனங்களும் உண்டு. அங்கே கைக்கு வருவது கொஞ்சம் கூடும். ஆனால் கிராஜுவிட்டி நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக 5 வருடம் இருந்தால்தான் கிடைக்கும். இரண்டு வருடத்தில் மாறுகிற பழக்கம் உள்ளவருக்கு அந்த 1,200 ரூபாய் காகிதத்தில் மட்டும் இருக்கும். இப்போது 35,000 கையில் வாங்குகிற ஒருவர், இந்தச் சம்பளத்தை நம்பிக் குடும்பத்தோடு சென்னைக்குப் போய் வாடகையும் அட்வான்ஸும் கொடுத்தால் என்ன மிச்சமாகும் என்று பாருங்கள். மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்று கடிதம் வாங்கும் முன்பே கேளுங்கள். நல்ல நிறுவனத்தில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுகிறேன் என்று பாண்ட் எழுதிக் கேட்டால், ‘கோர்ட்டுல நிக்காது’ என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. எல்லா பாண்டும் செல்லும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் எதுவுமே செல்லாது என்பது தவறு. அசல் சான்றிதழ்களைப் பார்க்கக் காட்டுங்கள். அவர்களிடம் கொடுத்து வைக்காதீர்கள்.

பேப்பர் போட்ட பிறகு, ‘இருங்க, நாங்களே கூட்டித் தர்றோம்’ என்பார்கள். ஏன் கிளம்ப நினைத்தீர்கள் என்பதை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் பதில் சொல்வது சுலபம். நோட்டீஸ் காலம் 90 நாள் என்று இருக்கும்போது, 30 நாளில் வருகிறேன் என்று புதிய இடத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். மீதி நாட்களுக்குப் பணம் கட்டி விலகலாமா, அந்தப் பணம் யார் கொடுப்பது என்று எழுத்தில் வாங்குங்கள். சொல்லாமல் நின்றுவிடுவது மிக மோசம். முறைப்படி விடுவித்துவிட்டோம் என்று தருகிற ரிலீவிங் லெட்டர் கிடைக்காது. அது இல்லாமல் அடுத்தடுத்த இடங்களில் சிக்கல் தொடரும்.

பிடிக்காத இடத்தில் மூன்று மாதம் இருந்ததை ரெஸ்யூமில் மறைப்பதும் இப்போது நடக்காது. உங்கள் பி.எஃப். கணக்குகளையெல்லாம் இணைக்கிற 12 இலக்க யூ.ஏ.என். எண்ணில், பி.எஃப். கட்டிய ஒவ்வொரு நிறுவனமும் சேர்ந்த தேதி, விலகிய தேதியோடு வரிசையாக நிற்கிறது. விசாரணை செய்கிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். மூன்று மாதம் இருந்தது ஒரு குற்றமில்லை, மறைத்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பும். பழைய இடத்தின் கடைசி நாளுக்கு முன்பே புதிய இடத்தில் சேர்ந்தால், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்ததாக அதே பட்டியல் காட்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு, இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். முருகன்’, ஆதாரில் ‘முருகன்’, பான் அட்டையில் ‘முருகன் சுப்பிரமணியன்’, பி.எஃப். கணக்கில் ‘முருகன் எஸ்’. வடக்கே தயாரித்த படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும்போது ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி நிரப்பியதன் விளைவு இது. நான்கும் ஒரே ஆள்தான் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இதனால் பி.எஃப். பணம் மாதக்கணக்கில் நின்றுபோனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேலை தேட ஆரம்பிக்கும்போதே இதைச் சரிசெய்யுங்கள். இப்போதைய நிறுவனத்தில் இருக்கும்போது சுலபமாக முடிகிற திருத்தம், வெளியே போனபின் அலைச்சலாகிவிடும்.

வேலை மாறியதும் பழைய பி.எஃப். பணத்தை எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், புதிய கணக்குக்கு மாற்றுங்கள். தொடர்ந்து 5 வருடம் ஆவதற்கு முன் எடுத்தால் வரி உண்டு. பி.எஃப்.போடு சேர்ந்து வருகிற ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சேவை வேண்டும். நடுவில் எடுத்தவர்கள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியிருக்கும். அதே போல, வருடத்தின் நடுவில் மாறினால் பழைய சம்பள விவரத்தைப் புதிய அலுவலகத்தில் கொடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு இடத்திலும் குறைவாக வரி பிடித்து, ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்டச் சொல்லும்.

கடைசி நாளன்று கேக் வெட்டிப் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, மறுநாள் எனக்குப் போன் செய்வார்கள்: “அண்ணா, பே ஸ்லிப் எல்லாம் ஆபீஸ் மெயிலில் இருந்தது, இப்ப திறக்க மாட்டேங்குது.” அந்த மெயில் முந்தைய நாள் சாயங்காலமே மூடப்பட்டிருக்கும். கடைசி வாரத்திலேயே பே ஸ்லிப்புகள், சம்பள உயர்வுக் கடிதங்கள், வரிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கோ பென் டிரைவுக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் வேலைக் கோப்புகளைத் தொடாதீர்கள், உங்கள் காகிதங்கள் மட்டும். பி.எஃப். கணக்கில் இணைத்திருப்பது அலுவலகம் கொடுத்த சிம் எண்ணா என்று பாருங்கள். அப்படியென்றால் சிம்மைத் திருப்பிக் கொடுக்கும் முன் சொந்த எண்ணுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஓ.டி.பி. வேறொருவர் போனுக்குப் போகும். இரண்டு மாதம் கழித்து ஒரு முறை பி.எஃப். தளத்தின் உள்ளே போய், விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய நிறுவனம் போடாமல் விட்டிருந்தால், கடைசித் தவணை கட்டி இரண்டு மாதம் ஆனபின் நீங்களே அதைப் பதிவு செய்ய முடியும்.