ஆடிட்டர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் பி.காம் முடித்த கையோடு பிள்ளைகள் ஜிஎஸ்டி வேலைக்கு வந்து சேர்கிறார்கள். ஆரம்பத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் தவறாமல் சறுக்குகிறார்கள். தேதியை மறப்பது, தொகையில் ஒரு சைபரை விடுவது எல்லாம் இங்கே வேண்டாம். இரண்டு முறை திட்டு வாங்கினால் அவை தானாகச் சரியாகிவிடும்.

ஜிஎஸ்டி போர்ட்டல் ஏற்றுக்கொண்டால் சரி என்று நினைப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். கடைசி இடம் சரிபார்ப்புக்கு. அதனால் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தால் பெரும்பாலும் போர்ட்டலே பிடித்துவிடும். கணக்கு எழுதும் டேலி மென்பொருளின் பட்டியலில் பக்கத்துப் பெயரைத் தட்டிவிட்டால்? எண் செல்லும், ஆள்தான் வேறு. யாரும் தடுக்க மாட்டார்கள்.

திருப்பூர் நூல் வியாபாரி ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. அவரிடம் வாங்கும் ஒரு முதலாளிக்கு ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்கள். 2022-23இல் போட்ட 6 லட்ச ரூபாய் பில், சரக்கே வாங்காத நிறுவனத்தின் எண்ணில் ஏறிவிட்டது. வாங்கியவரின் 2பியில், அதாவது விற்றவர்கள் ஏற்றிய பில்களைப் போர்ட்டல் காட்டும் பட்டியலில், பில் இல்லை. 2பியில் வராமல் இன்புட் (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. வரி 5 சதவீதம், 30,000 ரூபாய். வாங்கியவரின் கணக்காளர் எங்கள் ஆபீஸ் பையனுக்குப் போன் செய்திருக்கிறார். "பாத்து சரி பண்றேன் சார்" என்றவன் எங்கும் எழுதி வைக்கவில்லை, பக்கத்து சீட்டில்கூடச் சொல்லவில்லை. அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1இல் (விற்பனை பில்களைக் காட்டும் ரிட்டர்னில்) ஐந்து நிமிடத்தில் திருத்தியிருக்கலாம். ஆனால் அந்த நிதியாண்டு பில்லைத் திருத்த 2023 நவம்பர் 30தான் கெடு. டிசம்பரில் 30,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை மட்டும் அவர்கள் அனுப்பியபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. அந்த வருடம் நூல் வியாபாரியிடம் ஃபீஸ் கேட்க வாய் வரவில்லை.

ஜிஎஸ்டிஆர்-1க்குக் கெடுவான 11ஆம் தேதிக்கு இரண்டு நாள் முன்பே பார்ட்டி வாரியான பட்டியலை எடுத்துக் கிளையன்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எண்களைச் சரிபார்க்கச் சொல்லாதீர்கள், அது நம் வேலை. "இவங்களுக்கெல்லாம் சரக்கு போட்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேளுங்கள். போடாத பெயர் அவர் கண்ணில் உடனே படும். அப்புறம், எதிர்த்தரப்பிலிருந்து போன் வந்தால் அதை ஆபீஸ் நோட்டில் எழுதி, முடிக்க வேண்டியவர் பெயரையும் போடுங்கள்.

நோட்டீஸை அப்படியே ஃபார்வர்ட் செய்வது

ஏஎஸ்எம்டி-10 என்ற ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தால் அது கணக்கில் உள்ள வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்பது, அவ்வளவுதான். பதில் தர 30 நாள் வரை இருக்கிறது. வெறும் பிடிஎஃப் மட்டும் போனால் கடைக்காரருக்கு ராத்திரி தூக்கம் போய்விடும். எந்த மாதம், எவ்வளவு வித்தியாசம், நாம் என்ன பதில் தரப்போகிறோம் என்று தமிழில் மூன்று வரி சேர்த்து அனுப்புங்கள்.

சஸ்பென்ஸில் போட்டுவிட்டு லீவில் போவது

சஸ்பென்ஸ் என்பது எதற்கென்று தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் கணக்கு. நரேஷனில், அதாவது பதிவின் குறிப்பில், ஒரு வரியாவது எழுதிவிட்டுப் போங்கள்.

நில் ரிட்டர்ன்தானே என்று ஒதுக்குவது

அந்த மாதம் வியாபாரமே இல்லாவிட்டாலும் தாக்கல் செய்யத் தாமதித்தால் நாளுக்கு 20 ரூபாய் கட்டணம் ஏறும்.

20ஆம் தேதி ராத்திரி ஓடிபி கேட்பது

வரி கட்டும் மாத ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பிக்கு அன்றுதான் கெடு. ஓடிபி வரும் போனைக் கிளையன்ட் மகனிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருப்பார்.