இரவோடு இரவாக ஊருக்கு வேண்டாம்: யாழ்ப்பாணப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வீதி நன்றாக இருப்பதால் எட்டு மணித்தியாலத்தில் போய்விடலாம் என்கிறார்கள். போகலாம்தான். ஆனால் அந்த எட்டு மணித்தியாலத்தையும் இரவில் வைத்துக்கொள்வதுதான் எங்கள் ஆட்கள் திரும்பத் திரும்பச் செய்கிற பெரிய தவறு. வேலை முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டு, பத்து மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து வெளிக்கிட்டால் விடியக்காலையில் அம்மம்மா வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாம். ஒரு பகல் மிச்சம், வீதியில் நெரிசல் இல்லை, பிள்ளைகளும் நித்திரையாகவே வந்துவிடுவார்கள். கேட்க நல்ல கணக்குத்தான்.

இந்தக் கணக்கில் ஓட்டுகிறவரின் உடம்பு சேரவில்லை. பத்து மணிக்கு வெளிக்கிட்டவர் குருநாகல், தம்புள்ளை தாண்டி வவுனியாவுக்கு வரும்போது அதிகாலை மூன்று மணியளவாகிவிடும். இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான் மனிதரை நித்திரை மிகக் கடுமையாக அமுக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஏ9 வீதி நேராக நீளுகிறது. வெளிச்சம் குறைவு, வளைவு குறைவு, இரு பக்கமும் காடு. கண் ஒரு சில விநாடி மூடினாலே வாகனம் பக்கத்து மரத்துக்கோ எதிரே வரும் லொறிக்கோ போய்விடும். பாட்டைக் கூட்டிவைப்பதும் யன்னலைத் திறந்துவிடுவதும் நித்திரையைக் கலைக்காது. கோப்பி குடித்தாலும் அது வேலைசெய்ய இருபது, முப்பது நிமிடம் எடுக்கும். கண் சொருகத் தொடங்கினால் ஆட்கள் இருக்கிற வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, இருபது நிமிடமாவது படுக்க வேண்டும். வேறு மருந்து கிடையாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் விடயத்தில் இது இன்னும் மோசம். கட்டுநாயக்காவுக்கு விமானம் நள்ளிரவில் வரும். ஏற்றிப்போக ஊரிலிருந்தே தெரிந்த பொடியனின் வானை அனுப்பிவைப்பார்கள். அவன் பகல் முழுக்க ஓடி வந்து, விமான நிலையத்தில் சில மணித்தியாலம் காத்திருந்து, அதே இரவில் திரும்பவும் அவ்வளவு தூரமும் ஓட வேண்டும். வருகிறவர்களோ பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் பறந்த களைப்பில் வானில் ஏறியவுடன் நித்திரை. அவனோடு கதைகொடுக்கக்கூட ஆள் இருக்காது. வானுக்குக் கூலி பேசும்போதே அவனுக்கு ஓர் இரவு படுக்கை இடமும் சேர்த்துப் பேசுங்கள். நீங்களும் நீர்கொழும்புப் பக்கம் ஓர் அறை எடுத்துப் படுத்துவிட்டு, காலை ஐந்து மணிக்கு வெளிக்கிடுங்கள். பின்னேரத்துக்கு முன் ஊரில் நிற்பீர்கள்.

நீங்கள் விழித்திருந்தாலும் இரவு வீதி உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. கிளிநொச்சி, பரந்தன் பக்கங்களில் கட்டாக்காலி மாடுகள் தார் வீதியிலேயே படுத்திருக்கும். கறுப்பு மாடு என்றால் கிட்டப் போகும் வரை தெரியாது. பின்லைற் இல்லாத உழவு இயந்திரங்கள், லைற்றே இல்லாத சைக்கிள்கள் வேறு. புத்தளம் – அனுராதபுரம் வீதியால் போனால் யானை குறுக்கே வரும். யானையைக் கண்டால் ஹோர்ன் அடிக்காதீர்கள், படம் எடுக்க இறங்காதீர்கள். தூரத்தில் நிறுத்தி, அது போகும் வரை பொறுத்திருங்கள்.

அடுத்த தவறு போனில் நடக்கிறது. ‘எத்தனை மணிக்கு வந்து சேருவியள்?’ என்று வீட்டில் கேட்பார்கள். நாங்கள் ‘ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு நிற்போம்’ என்று சொல்லிவிடுவோம். அந்த ஒரு வார்த்தைக்காகவே பிறகு வேகம் கூடும். அங்கே பெரியம்மா சோறு ஆறாமல் பார்த்துக்கொண்டு படலைக்கும் குசினிக்கும் நடப்பார், அரை மணிக்கொரு தடவை போன் எடுப்பார். ‘பின்னேரம் வருவோம், நீங்கள் சாப்பிடுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். போன் ஓட்டுகிறவர் கையில் இருக்கக் கூடாது. வவுனியாவில் ஒரு தடவை, கிளிநொச்சியில் ஒரு தடவை மற்றவர் யாராவது எடுத்துச் சொன்னால் போதும். வேகத்தால் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் பாருங்கள். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 140 கிலோமீற்றர். மணிக்கு 70இல் இரண்டு மணித்தியாலம், 90இல் ஒன்றரைக்குச் சற்று மேல். அரை மணித்தியாலம்கூட மிஞ்சாது. பொலிஸார் மறித்தால் அதுவும் போய்விடும்.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று. வழியில் கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்று அம்மாமார் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். வெளியில் சொல்லவும் மாட்டார்கள். நீரிழிவுக்கோ பிரஷருக்கோ மருந்து எடுப்பவர்கள் இந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமலும் நேரத்துக்குச் சாப்பிடாமலும் வந்தால் மயங்கி விழுவதற்கு இடமுண்டு. அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நீங்களே நிறுத்துங்கள். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ அம்மாச்சி உணவகத்தில் பெண்கள் சமைத்துத் தரும் மரக்கறிச் சாப்பாடு வயதானவர்களின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் வாகனம் நிற்கும். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கியவுடன் ஓடிப்போய் ஏறாமல் கால்மணித்தியாலம் காலாற நடக்கவிடுங்கள். கோவில் வீதியோரத்திலேயே இருப்பதால் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். அவசரத்துக்குக் காட்டோரம் ஒதுங்குகிறவர்கள் வீதிக்கரையை விட்டு உள்ளே போகக் கூடாது. முகமாலைப் பகுதியில் போர் முடிந்து பல வருடங்களாக மிதிவெடி அகற்ற வேண்டியிருந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் ஓர் அடியும் வைக்க வேண்டாம்.

வரைபடம் காட்டுகிறதே என்று முதல் தடவையாக மன்னார், பூநகரி வழியைப் பிடிப்பதும் சரியில்லை. 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் போகிற அழகான வழிதான். ஆனால் கடைகளும் பெற்றோல் செட்டும் குறைவு, ரயர் வெடித்தால் உதவிக்கு ஆள் தேட வேண்டும். பகலில், பெற்றோல் நிரப்பிக்கொண்டு என்றால் மட்டும் போங்கள். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மாரி. அந்த மாதங்களில் வெளிக்கிட முன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்து, வெள்ளத்தால் மூடிய வீதிகள் இருக்கிறதா என்று கேளுங்கள். அம்புலன்ஸுக்கு 1990. ஜூன் மாதத்துப் பௌத்தர்களின் பொசன் போயா நாளில் மிகிந்தலை, அனுராதபுரப் பக்கம் வாகனம் நகராது, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

திரும்பி வரும் பயணத்தை யாரும் யோசிப்பதில்லை. இரண்டு நாளுக்குள் பத்து வீடு ஏறி இறங்கி, ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட்டு, நித்திரையும் இல்லாமல், திங்கட்கிழமை வேலைக்காக ஞாயிறு இரவு வெளிக்கிடுவார்கள். வானிலோ போகும்போது இல்லாத பாரம்: மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், பனங்கிழங்கு, ஒடியல், காலமென்றால் கறுத்தக் கொழும்பான் மாம்பழப் பெட்டியும். யாரும் மறுக்க முடியாத சாமான்கள்தான், அன்போடு கட்டித் தந்தவை. கூரையில் உயரமாக அடுக்காமல் கீழே வையுங்கள். யாழ்ப்பாணத்திலேயே நான்கு ரயருக்கும் காற்றுப் பாருங்கள், ஸ்பெயார் ரயருக்கும் சேர்த்து. ஊருக்குப் போக விடுமுறை கேட்கும்போதே திங்களையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு வீட்டுக்குப் போகாமல் விட்டதைப் போனில் சொல்லிச் சமாளிக்கலாம். ஞாயிறு இரவு அம்மம்மா வீட்டில் படுத்தெழும்பி, திங்கள் விடிந்தபின் வெளிக்கிடுங்கள்.